கடைக் கணக்கும் காப்புப் படியும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இம்மேடையில் கம்பனையும் இளங்கோவையும் எடுத்து விளக்க வல்ல புலவர் பலர் ஏறி நின்றதுண்டு. யாமோ பத்தாம் வகுப்புத் தேறி இரயில்வேயில் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்சல் அலுவலகத்தில் எழுத்தராகக் காலங்கழித்து வருகின்றோம். ஆகலின் இலக்கியம் பேசத் துணியவில்லை. “தெரிந்த ஒன்றைப் பேசுங்கள், அது போதும்” என்று செயலாளர் அவர்கள் அன்புடன் பணித்தார்கள். எமக்குத் தெரிந்தது சீட்டு எழுதுவதும், எழுதிய சீட்டுக்குப் படி எடுத்து வைப்பதுமே. அதனையே பொருளாகக் கொண்டு, சிறு தொழில் நடத்துவோர் தீ, வெள்ளம் முதலிய இடர்கள் வருமுன் தம் கணக்கையும் தொழில் விவரங்களையும் எவ்வாறு காத்துக்கொள்வது என்பதைப் பற்றிச் சிறிது கூற எண்ணுகின்றோம்.

நம்முள் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர். வியாபாரத்தைப் பற்றி நமக்கென்ன என்று சிலர் எண்ணலாம். ஆயின் லோதி ரோட்டைச் சுற்றியுள்ள நம் குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு எட்டிப் பாருங்கள். ஒரு வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கின்றனர். ஒரு வீட்டில் ரவிக்கை தைக்கின்றனர். மாடியில் பிள்ளைகளுக்குக் கணக்கும் பாட்டும் கற்பிக்கின்றனர். கீழே ஒருவர் ஊரிலிருந்து அப்பளமும் முறுக்கும் நல்லெண்ணெயும் தருவித்து விற்கின்றார். கன்னா மார்க்கெட்டிலும் மேகர்சந்து மார்க்கெட்டிலும் கடை வைத்திருக்கும் நம்மவர் தனி. ஓய்வூதியத்தைத் தொழிலில் போட்டவர்களும், கணவரை இழந்தபின் அடுப்பை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களும் இவ்வவையிலேயே அமர்ந்துள்ளனர். இத்தொழில்களின் மூலதனம் யாதென்று கேட்டால் கிரைண்டரும் தையல் இயந்திரமும் என்று சொல்வோம். யாம் அவ்வாறு கருதவில்லை. யார் எவ்வளவு தர வேண்டும், யாருக்கு எந்நாளில் என்ன கொடுப்பதாக ஒப்புக்கொண்டோம் என்னும் செய்தியே மூலதனம். கிரைண்டர் போனால் கடன் வாங்கி மற்றொன்று வாங்கலாம். இச்செய்தி போனால் அதனை விற்கும் கடை எங்கும் கிடையாது.

சென்ற மழைக்காலத்தில் நம் குடியிருப்பில் நிகழ்ந்ததொன்றைப் பெயர் கூறாது சொல்கின்றோம். மாவு விற்கும் அம்மையார் ஒருவரின் கைப்பேசி அவருடைய மாவு வாளியிலேயே விழுந்து உயிர் நீத்தது. நாற்பது வீடுகளின் கடன் கணக்கு அதனுள் இருந்தது. பன்னிருவர் சேர்ந்து கட்டும் சீட்டின் கணக்கும், அரிசி மண்டிக்காரரின் எண்ணும் அதனுள்ளேயே இருந்தன. இரண்டு மூன்று நாள்களில் வாடிக்கையாளர் பலரும் தாமாகவே வந்து, “அக்கா, நாங்கள் 360 ரூபாய் தர வேண்டும்”, “எங்கள் வீட்டுக் கணக்கு 420” என்று கூறிப் பணத்தைக் கொடுத்தனர். இது நம் குடியிருப்பிற்குப் பெருமையே. ஆயினும் விசேடங்களுக்கு முன்பணம் கொடுத்தவர்களின் நாளும் அளவும் அவ்வம்மையாரின் நினைவில் சரியாக நிற்கவில்லை. ஒரு வீட்டில் வளைகாப்பன்று காலை எட்டு மணிக்கு வர வேண்டிய மாவு வரவில்லை. மறுநாளென்று அவர் எண்ணியிருந்தார். அவ்வீட்டார் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை; ஆனால் அதன்பின் அங்கு மாவு வாங்கவும் இல்லை. அவர்களைப் பார்த்து மேலும் இரண்டு வீட்டார் நிறுத்திக்கொண்டனர். இதில் தீயுமில்லை, புயலுமில்லை. ஒரு வாளியளவு மாவே பேரிடராயிற்று.

இனிப் பெரிய இடர்களுக்கு வருவோம். இவையெல்லாம் கடற்கரை ஊர்களுக்கு உரியவை, தலைநகரில் இருப்போர்க்கு இல்லை என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. இந்திய வானிலைத் துறையின் தலைமையகமாகிய மௌசம் பவன் நம் லோதி ரோட்டிலேயே அமைந்துள்ளது. 2024ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் காலையில் முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் சப்தர்ஜங் நிலையத்தில் 228.1 மில்லிமீட்டரும், நம் லோதி ரோடு நிலையத்தில் 192.8 மில்லிமீட்டரும் மழை பதிவாயிற்று. 1936ஆம் ஆண்டிற்குப் பின் ஜூன் மாதத்து ஒரே நாளில் சப்தர்ஜங் அத்தகைய மழையைக் கண்டதில்லை. வானிலைத் துறையின் வாயிலில் குடியிருப்பதால் மழை நமக்குச் சலுகை காட்டுவதில்லை! அதற்கு அடுத்த மாதமே, ஜூலை 27ஆம் நாள், பழைய இராஜிந்தர் நகரில் பயிற்சி நிலையம் ஒன்றின் நிலவறைக்குள் வெள்ளம் புகுந்து மாணவர் மூவர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். நிலவறையில் சரக்கும் கணிப்பொறியும் வைத்துள்ள கடைக்காரர்கள் அச்செய்தியைத் தமக்குரியதாகவும் எண்ணிப் பார்த்தல் நன்று. அங்கு ஆள் இருக்கும்போது நீர் புகுந்தால், பெட்டியையோ புத்தகத்தையோ எடுக்க நிற்காது மேலேறிவிட வேண்டும்.

தீயைப் பற்றியும் நாம் தொலைவிற்குப் போக வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் நாள், நம்மில் பலர் நாள்தோறும் வேலைக்குச் செல்லும் சி.ஜி.ஓ. வளாகத்தில், பண்டிட் தீனதயாள் அந்த்யோதயா பவனின் ஐந்தாம் மாடியில் தீப்பற்றியது. மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் உதவி ஆய்வாளர் ஒருவர் கடமையாற்றச் சென்று புகையில் சிக்கி உயிர் நீத்தார். 2025 பிப்ரவரி 17ஆம் நாள் விடியற்காலை 5.36 மணிக்கு நாமனைவரும் பிள்ளைகளை வாரியெடுத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கினோமே, அந்நிலநடுக்கத்தின் மையம் தௌலா குவான்! அளவு 4.0 தான் என்றனர். இறங்கியபோது யார் கையில் என்ன இருந்தது என்று பின்னர் யாம் சிலரைக் கேட்டோம். பிள்ளையும் கைப்பேசியும் என்றே பெரும்பாலோர் விடையிறுத்தனர். ஒருவர் மட்டும் காப்பிப் பொடி டப்பாவோடு இறங்கினாராம்.

யமுனையோ 2023 ஜூலை 13ஆம் நாள் பழைய இரும்புப் பாலத்தில் 208.66 மீட்டர் வரை ஏறி, 1978ஆம் ஆண்டின் 207.49 மீட்டர் என்னும் பழைய அளவைக் கடந்தது. எம் இரயில்கள் அப்பாலத்தின் மேல் ஓடாது நின்றன. செங்கோட்டை மதில் வரை நீர் வந்தது. காஷ்மீரி கேட்டை அடுத்த சந்தைகளில் கடைகள் மூழ்கின. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் இரவு சாந்தினி சௌக்கின் பாகீரத் பேலஸ் மின்பொருள் சந்தையில் எழுந்த தீ அணையப் பல நாள்கள் ஆயின. நூற்றுக்கு மேற்பட்ட கடைகள் அழிந்தன. இத்தகைய நேரத்தில் காப்பீடு வைத்திருப்பவர்க்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. காப்பீட்டுக் கழகத்தின் மதிப்பீட்டாளர் வந்து, “என்ன சரக்கு இருந்தது? கொள்முதல் சீட்டு எங்கே? இருப்புக் கணக்கு எங்கே?” என்றே முதலில் கேட்பார். சரக்கோடு கணக்கும் எரிந்திருந்தால், எரிந்தது இவ்வளவு என்று மெய்ப்பிப்பது எங்ஙனம்? சிறு தொழில்களுக்கென்றே 2021ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து ‘பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா’ என்னும் பொதுவான காப்பீட்டுப் பத்திரம் நடைமுறைக்கு வந்துள்ளது. ஓரிடத்தில் உள்ள சொத்தின் மதிப்பு ஐந்து கோடி ரூபாய் வரை இருப்பவர் அதனைப் பெறலாம். அதனை எடுத்துக்கொள்க; எடுத்தபின் அப்பத்திரத்தையும் கொள்முதல் சீட்டுகளின் படிகளையும் கடையிலேயே பூட்டி வைக்காதீர்.

சென்னையில் 2015ஆம் ஆண்டு நிகழ்ந்ததை நம்மவர் யாவரும் அறிவர். டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல் வழியாகப் புகுந்தது. கிண்டித் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில் இயந்திரங்கள் நீரில் மூழ்கின. தொழிலாளர் அச்சகத்திற்குச் செல்ல இயலாமையால், 1878ஆம் ஆண்டில் தோன்றிய ‘தி இந்து’ நாளிதழே மறுநாள் சென்னையில் அச்சாகவில்லை. வெள்ளம் வடிந்தபின் அரசு சிறப்பு முகாம்கள் அமைத்துக் குடும்ப அட்டை, பட்டா, பள்ளிச் சான்றிதழ் முதலியவற்றிற்கு மாற்றுப் படிகள் வழங்கியது. கடவுச் சீட்டையும் கட்டணமின்றிப் புதிதாக அளித்தனர். இது பாராட்டுக்குரிய செயல். ஆயின் இம்முகாம்களால் ஏன் கொடுக்க முடிந்தது என்று எண்ணுங்கள். அவ்வவற்றின் மூலம் வேறோர் அலுவலகத்தில் இருந்தது. பட்டறைக்காரரின் பற்று வரவுப் புத்தகத்திற்கு மூலம் எந்த அலுவலகத்தில் இருக்கும்? தையற்கடைக்காரர் எழுதி வைத்த நூறு பெண்டிரின் அளவுகளுக்கு எந்த வட்டாட்சியர் படி கொடுப்பார்? எந்த முகாமிலும் கிடைக்காத பொருள் அது ஒன்றே.

நம் இனத்திற்கு இவ்விழப்புப் புதிதன்று. கடல்கோளால் பழஞ்சங்க நூல்கள் மறைந்தன என்னும் செய்தியை இறையனார் களவியல் உரை கூறுகின்றது. அது எங்ஙனமாயினும், 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் வேறு படியில்லாத ஓலைச்சுவடிகளும் சாம்பலானது நம் காலத்து உண்மை. அச்சான நூல்களிற் பல மீண்டும் கிடைத்தன. ஒற்றைச் சுவடிகள் திரும்பவில்லை. இதற்கு மேல் இலக்கியத்துள் புகுந்தால் புலவர்கள் எம்மைக் கோபிப்பர். எம் அலுவலகத்திற்கே திரும்புகின்றோம்.

பார்சல் அலுவலகத்தில் கணிப்பொறி வருமுன் சீட்டெழுதிய முறையை இளைஞர்கள் அறியார். இடையிடையே கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதுவோம். ஒரு படி புத்தகத்தோடு நிலையத்தில் தங்கும். ஒன்று கணக்கு அலுவலகத்திற்குப் போகும். ஒன்று சரக்கு அனுப்புவோர் கையில் கொடுக்கப்படும். மற்றொன்று கார்டிடம் சேர்ந்து சரக்கோடு பயணம் செய்யும். ஒரே எழுத்து, நான்கு வழி! நிலையம் எரிந்தால் கணக்கு அலுவலகத்தில் உண்டு. வண்டி கவிழ்ந்தால் நிலையத்தில் உண்டு. இரண்டிலும் தவறினால் அனுப்பினவர் சட்டைப் பையில் உண்டு. புதிதாக வேலைக்குச் சேர்ந்த நாளில், “ஒன்று போதாதா, கை வலிக்கிறதே” என்று யாம் முணுமுணுத்ததுண்டு. எம் தலைமை எழுத்தர், ஒரு முதிய பஞ்சாபியர், நான்கு படிகளையும் ஒரே பெட்டியில் வைத்தால் அது ஒரு படிதான் என்றார். இன்று யாம் சொல்ல வந்ததும் அவ்வளவே. எண்ணிக்கையால் மட்டும் காப்பு ஆகாது. படிகள் வெவ்வேறு வழியிற் பிரிந்து போக வேண்டும்.

இதனை அறியாது பெரியவர்களே இடறியுள்ளனர். பிரான்சு நாட்டு ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். என்னும் நிறுவனம் பல்லாயிரம் வணிகர்களின் கணக்குகளையும் இணையதளங்களையும் தன் கணிப்பொறிகளில் வாடகைக்கு வைத்திருந்தது. 2021ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் தீ எழுந்து அதன் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முற்றும் எரிந்தது. காப்புப் படி வைத்திருக்கின்றோம் என்று நம்பியிருந்தோருள் சிலருடைய படியும் அதே வளாகத்தில் இருந்து அழிந்தது. ‘கிளௌடு’ என்று இளைஞர்கள் கூறும்போது வானத்தில் ஏதோ மிதப்பதாக நாம் எண்ணுகின்றோம். மேகமுமில்லை, வானுமில்லை, அதுவும் ஓர் ஊரில் உள்ள ஒரு கட்டடம், மின்சாரம் ஓடும் கட்டடம். அதனைப் பயன்படுத்த வேண்டாம் என்பதன்று எம் கருத்து. அஃது ஒரு படி. அது மட்டுமே படியாகிவிடக் கூடாது.

தென்கொரியா இன்னும் வியப்பிற்குரியது. கணிப்பொறித் துறையில் உலகிற்கே வழிகாட்டும் அந்நாட்டில், தேஜோன் நகரின் அரசுத் தகவல் மையத்தில், 2025 செப்டம்பர் 26ஆம் நாள் லித்தியம் மின்கலத்திலிருந்து தீ பிடித்தது. அரசு ஊழியர் தம் கோப்புகளை மேசைக் கணிப்பொறியில் வையாது ‘ஜி-டிரைவ்’ என்னும் பொதுக் களஞ்சியத்தில் வைக்குமாறு பணிக்கப்பட்டிருந்தனர். 858 டெராபைட் அளவுள்ள அக்களஞ்சியம், மிகப் பெரிதாயிருந்த காரணத்தால் வெளியிடத்தில் படி எடுக்கப்படாமல் இருந்து, அடியோடு அழிந்தது. பிற துறைகள் பலவற்றிற்கு வேறிடத்தில் படி இருந்தது, இதற்கு இல்லை. நம் மாவுக்கார அம்மையாரின் நாற்பது வீட்டுக் கணக்கு அத்தனை பெரிதன்று. சிறியவர்க்கு உள்ள வசதி அது. நம் கணக்கு முழுவதையும் விரல் நுனி அளவுள்ள பொருளில் அடக்கிப் புடைவைத் தலைப்பில் முடிந்துகொள்ளலாம்.

அதிலும் அயலூரில் வாழும் நமக்கு மற்றொரு வசதியும் உண்டு. பர்மாவில் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் முறையை நினைவுகூர்க. கடையை நடத்திய மேலாள் அங்கிருப்பார். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கணக்குக் கடல் கடந்து ஊருக்கு வந்துகொண்டேயிருக்கும். 1941ஆம் ஆண்டு டிசம்பரில் இரங்கூனில் குண்டு விழுந்து, பலர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கால்நடையாய்த் திரும்பியபோது நிலமும் பொருளும் அங்கேயே போயின. ஆயினும் கடையின் செய்தி முழுவதும் கடையிலேயே அடைந்து கிடத்தலாகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நமக்கும் அவ்வாறே ஊரென்று ஒன்று இருக்கின்றது. தில்லியில் யமுனை பெருகும் நாளில் கும்பகோணத்திலோ தென்காசியிலோ உள்ள அண்ணன் வீட்டுப் பரணில் அந்நீர் ஏறாது. இடையே 2,000 கிலோமீட்டருக்கு மேல் உள்ளது! கோடை விடுமுறைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறும்போது, அப்பளக் கட்டு வாங்கி வருவதற்கு ஈடாக, உறையிட்ட ஒரு படியைக் கொண்டுபோய் வைத்து, சென்ற ஆண்டுப் படியைத் திருப்பி எடுத்து வரலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. வாடிக்கையாளர் எண்களும் கடன்களும் அதில் உள்ளமையின் கடவுச்சொல் இட்டு வைக்க வேண்டும். அண்ணன் நல்லவரே, ஆயினும் வாடிக்கையாளர் கடன் அவர் அறிய வேண்டியதன்று.

தீயும் நீரும் கண்ணுக்குத் தெரிவன. தெரியாத இடர் ஒன்றும் இப்போது பெருகியுள்ளது. நமக்கருகிலுள்ள எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022 நவம்பர் 23ஆம் நாள் நேர்ந்ததை அறிவோம். யாரோ கண்காணாதோர் இணைய வழியே புகுந்து அதன் ஐந்து சர்வர்களைப் பூட்டுச் சங்கேதமாக்கிவிட்டனர். நோயாளர் பதிவு, பரிசோதனை முடிவு எல்லாம் ஏறத்தாழ இரண்டு வாரம் காகிதத்தில் நடந்தன. நாமும் அங்கு வரிசையில் நின்றோம். பாதிக்கப்படாத காப்புச் சர்வர் ஒன்று இருந்தமையால் விவரம் மீட்கப்பட்டது என்று அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இதிலிருந்து கடைக்காரர் அறிய வேண்டியது ஒன்று. படி வைக்கும் வட்டுப் பெட்டியைக் கணிப்பொறியில் எந்நேரமும் மாட்டியே வைத்திருப்போர் பலர். பூட்டுபவன் கணிப்பொறியைப் பூட்டும்போது, மாட்டியிருக்கும் பெட்டியையும் சேர்த்தே பூட்டிவிடுவான். ஆகவே படி எடுத்தவுடன் கழற்றுக; கழற்றியதை வீட்டிற்கு எடுத்துச் செல்க. அறியாதவர் அனுப்பும் இணைப்புகளைத் திறவாதிருத்தலும் வேண்டும். ‘திருமண அழைப்பிதழ்’ என்ற பெயரிலும் இத்தகைய கேடு கைப்பேசிக்கு வருகின்றதாகலின், திருமண ஆர்டர் எடுப்போர் மிகவும் விழிப்பாயிருத்தல் நலம்.

மேற்கூறிய எல்லாவற்றினும் எம் நெஞ்சை உறுத்துவது வேறு. 2021ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் இந்நகரம் பட்ட துயரத்தை யாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. இவ்வவையில் அன்று ஒருவரையும் இழவாத குடும்பம் குறைவு. குடும்பத் தலைவர் மருத்துவமனையில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்க, வெளியே நிற்கும் மனைவிக்கு அவர் கைப்பேசியின் பூட்டு எண் தெரியாது. எந்த வங்கியில் என்ன உள்ளது, யார் கடை வாடகை வாங்குபவர், சரக்குக்காரருக்கு எவ்வளவு பாக்கி என்பனவும் தெரியா. எமக்குத் தெரிந்த இரண்டு வீடுகளில் தொழில் நின்றதற்குக் காரணம் முதலின்மை அன்று. எல்லாம் ஒருவர் தலைக்குள் இருந்தமையே. இடரை எதிர்நோக்கும் ஏற்பாட்டில் கணிப்பொறிக்குப் படி எடுப்பது போலவே மனிதர்க்கும் படி எடுத்தாக வேண்டும். வீட்டில் உள்ள மற்றொருவர் கடையைப் பத்து நாள் நடத்தும் அளவிற்கு அறிந்திருத்தலே அது. “அவளுக்கு எதற்கு இக்கவலை” என்று அன்பினால் மறைப்போர் நம்முள் உண்டு. அவ்வன்பு பொல்லாதது. பூட்டு எண், வங்கிக் கணக்குகள், காப்பீடு, கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, இன்ன இடத்தில் உள்ளதென்று மனைவிக்கோ வளர்ந்த பிள்ளைக்கோ சொல்லி வையுங்கள். கடவுச்சொல் மாறும்போது தாளையும் மாற்றுங்கள்.

சட்டமும் இதனைக் கேட்கின்றது என்பது பலர் அறியாதது. ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் தம் கணக்குகளை, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கணிப்பொறியில் கணக்கு வைத்திருப்போர், விபத்தாலோ இயற்கையாலோ அஃது அழிந்தாலும் தக்க காலத்திற்குள் மீட்குமாறு முறையான காப்புப் படி வைத்தல் வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு விதிகளின் 57ஆம் விதி. “வெள்ளம் கொண்டு போயிற்று ஐயா” என்பது வரி அலுவலரிடம் முழு விடையாகாது.

செய்ய வேண்டியதைச் சுருங்கக் கூறுவோம். பீட்டர் குரோக் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் தம் படங்களைக் காக்கக் கண்ட முறையொன்று இன்று உலகெங்கும் கையாளப்படுகின்றது. மூன்று படி, இரண்டு வகைப் பொருள், ஒன்று வெளியிடத்தில் என்பதே அது. எம் பார்சல் சீட்டின் தம்பியென்றே அதனைச் சொல்லலாம். கடைக் கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ இருப்பது ஒன்று. வாரத்திற்கொருமுறை, வெள்ளியன்று விளக்கேற்றும் நேரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள், வட்டுப் பெட்டியில் எடுத்து வீட்டில் வைப்பது மற்றொன்று. இணையத்திலோ ஊரிலோ இருப்பது மூன்றாவது. கணிப்பொறியே இல்லாதவர்க்கும் இது பொருந்தும். கடன் புத்தகத்தின் பக்கங்களைக் கைப்பேசியால் படமெடுத்து ஊரிலுள்ள மகளுக்கு அனுப்புக. அல்லது மாதம் ஒருமுறை ஜெராக்ஸ் எடுத்து அடுத்த கட்டடத்தில் உள்ள உறவினர் வீட்டில் வைக்க.

எடுத்த படி உயிரோடு உள்ளதா என்று பார்ப்பவர் பத்தில் ஒருவர் இல்லை. மாதம் ஒருநாள் அதனை வேறொரு கணிப்பொறியில் மாட்டி, ஏதேனும் ஒரு பழைய சீட்டைத் திறந்து படியுங்கள். பேழைக்குள் ஆண்டுக்கணக்காய்க் கிடக்கும் பென் டிரைவ் தன் நினைவை இழந்துவிடக்கூடும். திறந்து பாராத படியை நம்பியிருப்பது, எண்ணிப் பாராத பணப்பையை நம்பிச் சந்தைக்குப் போவது போன்றது.

இன்னுமொன்று. இயந்திரம் எரியாமலேயே வேலை நிற்பதுண்டு. 2021 மார்ச்சு 8ஆம் நாள் கல்கத்தாவில் எம் இரயில்வேயின் புதிய கொய்லாகட் கட்டடத்தின் பதின்மூன்றாம் மாடியில் தீப்பற்றி, தீயணைப்பு வீரர் நால்வர் உள்ளிட்ட ஒன்பதின்மர் உயிர் துறந்தனர். அன்று மின்சாரம் நிறுத்தப்பட்டமையால் கிழக்குப் பகுதியில் கணிப்பொறி முன்பதிவு தடைப்பட்டது. இத்தகைய நாளுக்கென்றே கையால் எழுதும் வெற்றுச் சீட்டுப் புத்தகம் நிலையங்களில் வைக்கும் வழக்கம் எம்மிடம் இருந்தது. சென்னை வெள்ளத்தின்போதும் கைப்பேசிக் கோபுரங்கள் பேசவில்லை. பணப் பொறிகள் பணம் தரவில்லை. ஆகலின் மூன்று நாள் மின்சாரமின்றிக் கடையை நடத்தத் தேவையான எண்களையும் அம்மாதத்து ஆர்டர்களையும் காகிதத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறையிலிட்டு, தரையிலன்று, தலைக்கு மேலுள்ள தட்டில் வைக்க. தீயணைப்பிற்கு 101, பொது உதவிக்கு 112 என்பதையும் அத்தாளின் மேலேயே எழுதி வைக்க. ஆளில்லா நேரத்தில் தீப்பிடித்தால் கணக்குப் புத்தகத்தை எடுக்க உள்ளே நுழையவே கூடாது. படி வீட்டில் இருந்தால் அந்த ஆசையே எழாது.

இறுதியாக ஓர் அறிவிப்பு. நம் சங்கத்தின் உறுப்பினர் பதிவேடும் பழைய ஆண்டு விழாப் படங்களும் இதுவரை ஒரே இரும்பு அலமாரியில் உள்ளன. செயலாளர் இசைவுடன் அவற்றைப் படமெடுக்கும் பணியை இளைஞர் மூவர் ஏற்றுள்ளனர். அடுத்து வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை சங்க அறையில் அவர்கள் இருப்பர். தொழில் நடத்தும் அன்பர்கள் தத்தம் கடன் புத்தகத்தையோ கைப்பேசியையோ, ஒரு புதிய பென் டிரைவையும் உடன் எடுத்து வந்தால், படி எடுக்கும் முறையைக் கட்டணமின்றிக் காட்டித் தருவர். கணக்கை அவர்கள் படிக்க மாட்டார்கள். நீங்களே உடனிருந்து எடுக்கலாம். பென் டிரைவ் வாங்க இயலாதவர் பெயரைப் பொருளாளரிடம் தனியே தெரிவித்தால் போதும். மாவுக்கார அம்மையார் முதல் ஞாயிறன்றே வருவதாகக் கூறியுள்ளார்கள். அன்று வருவோர்க்கு இட்லியும் உண்டாம்.